நீ மறுதேர்வு எழுதிய காலையில் நான் வீட்டில்தான் இருந்தேன்

மகனே,

இன்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தேர்வு நிறுவனத்திடமிருந்து உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சிங்கப்பூரில் வேலையிடத்திலிருந்து அதை நீ எனக்கு அனுப்பிவைத்தாய். நீ கையொப்பமிட்டுக் கொடுத்த விளக்கம் கிடைத்துவிட்டது என்று அதில் இருக்கிறது. கணிதப் பகுதியின்போது பதிவான நாற்பது விநாடி ஒலித்துண்டைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் பெறப் போகிறார்கள் என்றும் இருக்கிறது. கூடுதலாகச் சொல்ல ஏதேனும் இருந்தால், வரும் செவ்வாய் நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் உன் கணக்கின் வழியே நீயே சொல்ல வேண்டும். அதன் மேல் நீ ஒரு வரி சேர்த்திருந்தாய்: "பாரும்மா, லதாக்கா வீட்டு டிவிய மொழிபெயர்க்க ஆள் போடுறாங்களாம். சும்மா இழுக்குறாங்க லா." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

அது பக்கத்து வீட்டு லதாவின் தொலைக்காட்சி இல்லை. அது என் குரல். இந்தச் செய்திக்கு ஆதாரம் நான்தான், வேறு யாரும் இல்லை. நீ தேர்வு எழுதிய ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஐம்பது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய எட்டு நிமிடம் நான் நம் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இந்த இரண்டு வாரமாக எனக்கு மட்டும் தெரியும்.

எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். புதன்கிழமை முயன்றேன், முடியவில்லை. எனக்குப் பேச்சு எப்போதும் சுற்றி வளைத்துப் போகும்; எழுதினால்தான் நேராக வரும். முப்பத்தோரு ஆண்டு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள், அதனால் வந்த குறை. இதைத் திறந்த கடிதமாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. பிள்ளை அறைக்குள் கேமரா முன்னால் தேர்வு எழுத, பெற்றவர்கள் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடும் வீடுகள் இப்போது நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்று தோன்றியது. உன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. லதாவின் பெயரையும் மாற்றிவிட்டுத்தான் கொடுப்பேன். ஆனால் நீ சம்மதித்தால் மட்டுமே இது ஞாயிறு பக்கத்துக்குப் போகும். முதல் வாசகன் நீ.

முதல் தடவையிலிருந்து தொடங்குகிறேன். போன ஆண்டு நீ கோலாலம்பூருக்குப் போய் அந்தத் தேர்வை எழுதினாய். போவதற்கு முந்தைய வாரம் கோவிலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "மகன் எம்பிஏ படிக்கப் போறான், வணிகப் பள்ளி நுழைவுத் தேர்வு, இந்தச் சனிக்கிழமை" என்று சொன்னேன். செய்தியை உறுதிசெய்யாமல் வெளியிடக்கூடாது என்று இளைய நிருபர்களுக்குப் பாடம் நடத்தியவள், என் வீட்டுச் செய்தியை நடப்பதற்கு முன்பே வெளியிட்டேன். நீ திரும்பி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "எத்தனை?" என்றேன். "வரும்மா, இன்னும் வரல" என்றாய். மதிப்பெண் தேர்வு முடிந்த உடனே திரையில் வந்துவிடும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒன்பது நாள் நீ அந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். ஒன்பது நாளும் நான் காலையில் உன் முகத்தைப் பார்த்தேன், நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஏன் மறைத்தாய் என்று உன்மேல் கோபப்பட்டேன். இப்போது எனக்கு அந்தக் கோபம் இல்லை. மறைப்பது எப்படி நாள் கணக்கில் நீளும் என்பதை என் உடம்பிலேயே பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ தயாரான விதம் எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் நோட்டை நான் படித்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நீல அட்டை போட்ட நோட்டு. தவறாக எழுதிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்தக் கேள்வி, என்ன பதில் போட்டாய், ஏன் போட்டாய். 'தெரியாது' என்று எழுதிய இடங்கள் குறைவு. 'அவசரம்' என்பது நிறைய. ஒரு பக்கத்தில், 'தெரிந்ததைக் கேட்டிருக்கிறான் என்று நினைத்துக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டேன்' என்று இருந்தது. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிறவன், குடிநுழைவு வரிசையில் நின்றபடியே இதையெல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறாய். சில பக்கங்களில் மழைத்துளி பட்டுக் கலங்கியிருக்கிறது. இத்தனை ஆண்டு இத்தனை பேருடைய குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். தன் தவறைத் தானே இப்படி வரி வரியாகத் தேடிப்போய் எழுதிவைத்த ஒருவனை நான் பார்த்ததில்லை. அந்த நோட்டுதான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் கொடுத்தது என்றால் நீ நம்பவேண்டும்.

இரண்டாவது தடவை விடுப்பு கிடைக்காததால் வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்றாய். ஒரு வாரம் முன்பே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினாய். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. பேச்சுக் குரல் கேட்கக்கூடாது. மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏண்டா, இருமல் வந்தா?"

"இருமல் வந்தா வாசல்ல போய் இருமுங்கப்பா."

"அப்ப நான் அன்னைக்கு வாசல்லயே படுத்துக்கிறேன். பாய் குடுத்துரு."

"ஐயோ, ரெண்டு பேருமே வீட்டுல வேண்டாம்லா. அன்னைக்குத்தான் கல்யாணம் இருக்குல்ல, போயிட்டு மெதுவா வாங்க. லாபிஸ் சொந்தமெல்லாம் வந்திருப்பாங்க, உக்காந்து பேசுங்க. ஒரு மணிக்கு முன்னாடி வந்துராதீங்க."

நாங்கள் சரியென்றோம். ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். மண்டபம் நம் ஊர் உலு திராமிலேயே, காரில் பத்து நிமிடம். அப்பா ஆண்கள் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எதிர் வரிசையில் லதாவும் அவள் கணவரும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டதை நான் வாசலில் பார்த்தேன். அவர்கள் வீட்டில் அன்று தொலைக்காட்சியைப் போட ஆள் இல்லை. இது இரண்டாவது உறுதியான செய்தி. மண்டபத்தில் படம் எடுத்தவரிடம் கேட்டால் படமே இருக்கும்.

பத்து முப்பத்தைந்துக்குக் கைப்பையைத் திறந்தபோது கைப்பேசி இல்லை. சமையலறையில் மின்னூட்டம் போட்டு வைத்தது அங்கேயே இருக்கிறது. சாதாரண நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் மழை. சிகாமட்டில் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மழைக்காலத்தில் மட்டும் ஆற்று மட்டத்தைப் பத்திரிகைக்குச் சொல்லும் வேலையை நான் விடவில்லை என்று உனக்குத் தெரியும். அங்கே இருக்கும் உன் மாமா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுகோலை நேரில் போய்ப் பார்த்து, பதினோரு மணிக்கு எனக்குச் சொல்வான். நான் எடுக்காவிட்டால், அவன் ஆற்றில் விழுந்துவிட்டானோ என்று நான் பயப்படுவேன் என நினைத்து, எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பான். மணி அடித்தால் உன் அறைக்குக் கேட்கும். ஒலியை நிறுத்திவைக்கவும் மறந்திருந்தேன். ஆகவே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று காரை எடுத்தேன். இதுவரை நான் செய்ததில் ஒரு தவறும் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

பின் கதவு வழியாக வந்தேன். செருப்பை வெளியிலேயே விட்டேன். கைப்பேசியைக் கையில் எடுத்து ஒலியை நிறுத்திய நேரத்தில் அது அதிர்ந்தது. அணைத்திருக்கலாம். காருக்குப் போய் எடுத்திருக்கலாம். ஆனால் முப்பத்தோரு ஆண்டு, மணி அடித்தால் கை தானாகப் போகும். எடுத்துவிட்டேன்.

"அக்கா, எட்டு பாயிண்ட் நாலு."

"சத்தமா சொல்லுடா. மழையில கேக்கல."

"நான் குடைய பிடிக்கவா, போன பிடிக்கவா? எட்டு பாயிண்ட் நாலு! மேல ஏறுது."

"எட்டு பாயிண்ட் நாலு. ஏறுது. மணி?"

"பத்து நாப்பத்தஞ்சு."

"பத்து நாப்பத்தஞ்சுக்கு எட்டு பாயிண்ட் நாலு. அதுக்கு முன்னாடி பார்த்தது?"

"ஒம்போது மணிக்கு ஏழு பாயிண்ட் ஒம்போது."

"ஒம்போது மணிக்கு ஏழு பாயிண்ட் ஒம்போது. சரி. இன்னொரு தடவை சொல்றேன், கேளு."

நான் இன்னொரு தடவை சொன்னேன். நம் சமையலறைக்கும் உன் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். நீ அந்தப் பக்கம் கணிதக் கேள்விகளைச் செய்துகொண்டிருந்தாய். இந்தப் பக்கம் ஒருத்தி தமிழில் எண்களை நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒலித்துண்டில் மாமா குரல் இருக்காது, என் குரல் மட்டும்தான் இருக்கும். அதை எழுத்தில் எடுத்துப் படிக்கப் போகிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நீயே நினைத்துப் பார்.

அதோடு முடிந்திருந்தால் நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கைப்பேசியை வைத்த அடுத்த நொடி உன் அறையிலிருந்து உன் குரல் கேட்டது. கண்காணிப்பாளர் உன்னை ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நோ சார். நோபடி இஸ் ஹியர். இட்ஸ் மை நெய்பர்ஸ் டிவி" என்றாய். உன் குரலில் சந்தேகமே இல்லை. உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். லதா வீட்டுத் தொலைக்காட்சிதான் ஆண்டு முழுக்க நம் வீட்டுச் சுவரில் இடிக்கிறதே. நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது கதவைத் தட்டினால் தேர்வு நின்றுவிடும், தட்டாவிட்டால் நீ எழுதி முடித்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். பின் கதவு வழியாகவே வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் அப்பா, "எங்க போன, மட்டன் முடியப் போவுது" என்றார். "கை கழுவப் போனேன்" என்றேன். அதுதான் முதல் பொய். மிகச் சின்னது. யாருக்கும் வலிக்கவில்லை.

அன்று ஒன்றரைக்கு நாங்கள் திரும்பியபோது நீ வாசலிலேயே நின்றாய். இந்தத் தடவை நான் எத்தனை என்று கேட்கவில்லை. நீயே சொன்னாய். அப்பா, "அலமாக்!" என்று கத்தி உன் தலையைப் பிடித்து ஆட்டினார். நான் பாயசம் வைத்தேன். நீ சிகாமட்டுக்குக் கூப்பிட்டு, "மாமா, அடிச்சிட்டேன்" என்றாய். அவன் அங்கிருந்து ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவேண்டுமே என்று நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லவில்லை. அவன் காலையில் கூப்பிட்டது ஒரு பொருட்டான விஷயம் என்பதே அவனுக்குத் தெரியாது. பாயசத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது என்று முதல் மின்னஞ்சல் வந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒவ்வொரு நாளும் அது தானாகவே சரியாகிவிடும் என்று எண்ணினேன். இந்த வாரம் அவர்கள் விளக்கம் கேட்டார்கள். புதன்கிழமை மாலை நீ கூடத்தில் உட்கார்ந்து கணினியில் அதை எழுதி, ஆங்கிலத்தில் படித்து, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாய்: "தேர்வு நேரத்துல என்னைத் தவிர வீட்டுல யாரும் இல்ல." பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய்.

"ரெண்டு பேரும் மண்டபத்துலதானே இருந்தீங்க?"

"அந்த மட்டன விட்டுட்டு எவன்டா வருவான்?" என்றார் அப்பா.

நீ சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். நான் அப்பாவின் பதிலுக்குச் சிரித்தேன், நீ அதை என் பதிலாக எடுத்துக்கொண்டாய். நிருபர் வேலையில் இதை எத்தனையோ அதிகாரிகள் எனக்குச் செய்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் சிரிப்பார்கள், நான் எதையாவது ஒன்றை எழுதிக்கொள்ளட்டும் என்று. அவர்களை நான் மதித்ததில்லை. நீ பொத்தானை அழுத்தி அனுப்பினாய்.

இப்போது நீ கேட்டிராத ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். நாம் லாபிஸில் இருந்தபோது, நீ பாலர் பள்ளிக்குப் போன காலம். ஒரு மழைக்காலத்தில் தோட்டப் புறத்து வரிசை வீடுகளில் தண்ணீர் வந்து சனங்களைப் பள்ளி மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். தோட்டத்துக் காவலாளி ஒருவர் கடைத் தொலைபேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. அது முதல் நாள் சாயங்காலம் அவர் பார்த்தது. நான் அதை அன்றைய நிலவரம்போல, 'வெள்ளம் வடிகிறது' என்று அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது. மண்டபத்தில் அதைப் படித்த ஒரு குடும்பம் வீட்டைக் கழுவிவிடலாம் என்று மறுபடி வரிசை வீட்டுக்குப் போனது. அன்று மதியம் தண்ணீர் திரும்ப ஏறியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, படகில் வந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மண்டபத்தில் பத்திரமாக இருந்த இரும்புப் பெட்டியையும் அவர்கள் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். அதில் அந்த வீட்டுப் பெண்ணின் சான்றிதழ்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்முகத்துக்கு வைத்திருந்தது.

அவளுடைய அப்பா பத்திரிகையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க எழுதினத பார்த்துத்தான் போனோம், டீச்சர்" என்றார். என்னை ஏன் டீச்சர் என்றார் என்று தெரியவில்லை. நான் சொன்ன பதில் இது: "எனக்குச் சொன்னவர் தப்பா சொல்லிட்டார், ஐயா." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காவலாளியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏசினார்கள். அவர் யாரிடமும் தப்பாகச் சொல்லவில்லை. நான் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். திருத்தம் போடவேண்டுமா என்று ஆசிரியர் கேட்டபோது, தண்ணீர்தான் வடிந்துவிட்டதே என்றேன். அந்தப் பெண் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. பல வருடம் கழித்து அவளைச் சிகாமட்டில் ஒரு பேரங்காடியின் கல்லாவில் பார்த்தேன். அவள் என்னை அடையாளம் காணவில்லை. பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எந்த எண்ணைக் கேட்டாலும் நேரத்தோடு சேர்த்துச் சத்தமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அதைத்தான் ஒலிவாங்கி எடுத்துவைத்திருக்கிறது.

இந்தக் கதையை என்னை நீ பாவம் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. இன்று காலை மின்னஞ்சலோடு நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய்: "நாளைக்கு லதாக்காகிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பிருவோம்மா. டிவி ஓடிச்சுன்னு ரெண்டு வரி போதும்." லதா போட்டுக் கொடுப்பாள். எந்த நாள், எந்த மணி என்று கேட்கமாட்டாள். "அதுக்கென்னடா, எங்க கையெழுத்து போடணும்?" என்பாள். உன்னைப் பள்ளிப் பையனாக இருந்ததிலிருந்து பார்த்தவள். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தில் அவள் வீட்டுத் தொலைக்காட்சி ஓடியது என்று அவளே எழுதிக் கொடுப்பாள். அந்த இடத்தில்தான் நான் விழித்துக்கொண்டேன். இது லாபிஸில் போன அதே வழியில் போகிறது. நான் வாயைத் திறக்காமல் இருக்க, இன்னொருவர் தலையில் போய் இறங்கப் போகிறது. தண்ணீர் ஏறும்போது சத்தமே வராது. வெள்ளத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். வாசற்படியில் ஈரம் தெரியும்போது பின்கட்டில் ஏற்கெனவே முழங்கால் வரை வந்திருக்கும்.

ஆகவே நாளைக் காலை லதா வீட்டுக்குப் போகாதே. நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ முடிவு செய்யவேண்டியது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மேசையில் இந்தக் கடிதத்தோடு ஓர் உறை இருக்கிறது. அதில் நான் கையொப்பமிட்ட ஒரு பக்க வாக்குமூலம், நான் எப்போது வந்தேன், என்ன பேசினேன், எப்போது போனேன் என்று. என் கைப்பேசியில் மாமாவின் அழைப்பு பதிவான நேரத்தின் படம். அன்று மதியம் நான் பத்திரிகைக்கு அனுப்பிய ஆற்று மட்டச் செய்தி, அதே எண்கள், அதே நேரம். மாமாவிடம் இன்று மதியம் பேசி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான். பிறகு, "அக்கா, பிள்ளைக்கு என் மேல கோவம் வருமா?" என்றான். கேட்டால் தானும் எழுதித் தருவதாகச் சொன்னான்.

இதை அனுப்பினால் அவர்கள் நம்புவார்கள் என்று நான் உனக்கு உறுதி தரமுடியாது. வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்பது விதி. ஆள் இருந்தது உண்மை. அந்த எண்கள் ஆற்றுடையவை என்று ஒப்புக்கொண்டாலும் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம். மறுபடி எழுத எத்தனை மாதம் விடமாட்டார்கள் என்று அவர்களுடைய விதிப் பக்கத்தில் தேடினேன், தெளிவாக இல்லை. வணிகப் பள்ளி உனக்கு நிபந்தனையோடு கொடுத்த இடம் இந்த மாதக் கடைசி வரைதான். அதற்குள் மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இல்லை. உன் நிறுவனம் இந்த ஒரு தடவைதான் படிப்பு விடுப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் போகலாம். போனால் போனதற்குக் காரணம் நான். உன் நீல நோட்டில் அதற்கு ஒரு வரி எழுத இடம் தேடாதே.

அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பாளர் எண்களை எழுதிக் கொடுப்பார். அவர்கள் உன் விடைகளோடு வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் பொருந்தாது. ஒருவேளை விட்டுவிடுவார்கள். அப்படி நடந்தால் உனக்கு இடம் கிடைக்கும், நீ படித்து முடிப்பாய், அந்த விளக்கக் கடிதம் எங்கோ ஒரு கோப்பில் உன் கையெழுத்தோடு இருக்கும். புதன்கிழமை நீ அதில் கையெழுத்துப் போட்டபோது உனக்கு உண்மை தெரியாது. அது பொய் ஆகாது. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அதை அப்படியே விட்டால் என்ன பெயர் என்று நீ என்னைக் கேட்காதே. சொல்லும் தகுதியை நான் மண்டபத்தில் மட்டன் சாப்பிட்டபோதே இழந்துவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ முதலில் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தேன். அவர் வாசலில் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நாளை என்ன மீன் வாங்கலாம் என்று உனக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார். நீ கோபப்படு. வேண்டுமென்றால் பேசாதே. ஒன்பது நாள் என்றாலும் நான் கேட்கமாட்டேன்.

இன்றைய நிலவரம் இது. உன் விளக்கம் அவர்களிடம் இருக்கிறது. என் வாக்குமூலம் மேசையில் இருக்கிறது. அதை அனுப்ப உன் கணக்கால் மட்டுமே முடியும். அதற்கான நேரம் செவ்வாய் நண்பகல் பன்னிரண்டு மணி வரை. எழுத்தில் எடுத்த ஒலித்துண்டு அதே வாரம் அவர்கள் கைக்கு வரும், முடிவு அதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது மணி ஆறு ஐம்பது. பாலத்தில் நெரிசல், மோட்டார் சைக்கிள் தடம் மெதுவாக நகர்கிறது என்று ஐந்து நிமிடம் முன்பு வானொலியில் சொன்னார்கள். நீ ஏழரைக்கு வந்துவிடுவாய்.

அம்மா